மூன்று பேர் ஒன்றாகச் சாப்பிட்டால்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

மூன்று பேர் ஒன்றாக அமர்ந்து ரொட்டி சாப்பிட்டால், சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் எழுந்து போய்விட முடியாது. மூவரில் ஒருவர் மற்ற இருவரையும் இறைவனைப் புகழ அழைக்க வேண்டும். அவர்கள் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் சாப்பாட்டுக்குப் பின்னான துஆ. யூத மார்க்கச் சட்டத்தில் இந்த அழைப்புக்கு ஸிம்மூன் என்று பெயர். கி.பி. 200 அளவில் கலிலேயாவில் ரப்பி யஹூதா தொகுத்த மிஷ்னா என்ற சட்ட நூலில், பெராகோத் என்ற பகுதியின் ஏழாவது அத்தியாயம் இந்த விதியுடன்தான் ஆரம்பிக்கிறது.

யூதர் என்ற சொல்லை இன்றைய செய்திகளோடு மட்டும் சேர்த்து வாசிக்க நாம் பழகிவிட்டோம். அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அது வேறு பேச்சு. ஆனால் அஹ்லுல் கிதாப் என்று குர்ஆன் அழைக்கும் ஒரு சமூகம், எவர்களுடைய உணவு நமக்கு ஹலால் என்று ஸூரத்துல் மாஇதா சொல்கிறதோ அந்தச் சமூகம், சாப்பிட்டு முடித்த பின் என்ன செய்தது என்பது நம்மில் அனேகருக்குத் தெரியாது. மாஇதா என்றாலே உணவு விரிப்புத்தானே. அந்த விரிப்பைச் சுற்றி 1800 வருடங்களாக அவர்கள் கேட்டுவந்த கேள்வி ஒன்று உண்டு: இங்கே யாரையெல்லாம் எண்ணிக்கையில் சேர்ப்பது?

முதலில் அந்த துஆ. அதற்கு எபிரேய மொழியில் பிர்கத் ஹமாஸோன் என்று பெயர். 'பிர்கத்' என்பதைக் கேட்டவுடன் நமக்குப் பரகத் ஞாபகம் வரும். வரத்தான் வேண்டும், இரண்டும் ஒரே வேரில் இருந்து வந்த சொற்கள். சாப்பிட்டு வயிறு நிறைந்த பின் இறைவனைப் புகழ வேண்டும் என்று தவ்ராத்தின் உபாகமம் 8ஆம் அதிகாரத்தில் வரும் கட்டளைதான் இதற்கு அடிப்படை. நாம் சாப்பிட்டு எழும்பும்போது அல்ஹம்துலில்லாஹ் சொல்கிறோம். அவர்களிடம் அது நான்கு பகுதிகள் கொண்ட நீண்ட துஆ. முதல் பகுதி மூஸா நபியும், இரண்டாவது யூஷஃ நபியும், மூன்றாவது தாவூத், சுலைமான் நபிமாரும் அமைத்தவை என்று தல்மூத் சொல்கிறது. இது நம்பிக்கை சார்ந்த மரபு, வரலாற்றுச் சான்று அல்ல. நான்காவது பகுதிக்குத் தல்மூத் சொல்லும் காரணம் வேறு வகையானது. ரோமருக்கு எதிரான கிளர்ச்சி கி.பி. 135இல் பேதார் என்ற கோட்டை நகரில் நசுக்கப்பட்டது. அங்கே கொல்லப்பட்டவர்களை அடக்கம் செய்ய வெகுகாலம் அனுமதி கிடைக்கவில்லையாம். அனுமதி கிடைத்த நாளில் அறிஞர்கள் இந்த நான்காவது பகுதியைச் சேர்த்தார்களாம். மையித்தை அடக்கக் கிடைத்ததற்கான நன்றி, வயிறு நிறைந்ததற்கான நன்றியோடு ஒரே துஆவில் வருகிறது. இதை வாசித்தபோது நாம் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்தோம். ஜனாஸாவுக்காகக் காத்திருப்பது என்னவென்று நம்முடைய நாட்டு முஸ்லிம்களுக்கு விளங்கும்.

இந்த துஆவுக்கு ரொட்டி வேண்டும். கோதுமை, வாற்கோதுமை முதலான ஐந்து தானியங்களில் செய்த ரொட்டி. அரிசி அந்த ஐந்தில் இல்லை. மூன்று வேளையும் சோறு தின்னும் நாம் அவர்கள் சட்டப்படி இந்த துஆவுக்குக் கடமைப்பட்டவர்களே இல்லை!

ஸிம்மூன் நடக்கும் விதம் எளிமையானது. மூன்று பேர் என்றால் அழைப்பவர் வாருங்கள் புகழ்வோம் என்ற கருத்தில் அழைப்பார். பத்துப் பேர் சேர்ந்தால் அழைப்பில் இறைவனின் பெயர் சேரும். ஆட்கள் கூடக் கூட இறைவனைக் குறிக்கும் சொற்களும் நீள வேண்டும் என்று மிஷ்னா ஒரு படிவரிசையே தருகிறது: நூறு பேருக்கு ஒன்று, ஆயிரம் பேருக்கு ஒன்று, பத்தாயிரம் பேருக்கு இன்னொன்று. பத்தாயிரம் பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு முடித்த நாள் ஒன்று இருந்ததா தெரியாது, சட்டம் மட்டும் தயார். ரப்பி அகீபா இதை ஒப்புக்கொள்ளவில்லை. தொழும் இடத்தில் பத்துப் பேருக்கும் ஒரே வாசகம், பெருங்கூட்டத்துக்கும் ஒரே வாசகம். சாப்பாட்டில் மட்டும் ஏன் வேறுபாடு என்று கேட்டார். பத்துக்கு மேல் எத்தனை பேர் என்றாலும் ஒன்றுதான் என்ற அவரது கருத்தே கடைசியில் நிலைத்தது.

ஆனால் நிலைக்கக் கொஞ்சம் காலம் எடுத்திருக்கிறது. இன்றைய ஈராக்கில், ஸாஸானியப் பாரசீகரின் ஆட்சியில், யூத சமூகத்துக்கு ரேஷ் கலூதா என்ற தலைவர் இருந்தார். பிற்காலத்தில் அப்பாஸிய ஆட்சியில் அரபிகள் ராஸுல் ஜாலூத் என்று அழைத்ததும் இதே பதவியைத்தான். அந்தத் தலைவரின் வீட்டு விருந்துக்கு ரவீனா, ரவ் ஹமா என்று இரண்டு அறிஞர்கள் போனார்கள். ரவ் ஹமா எழுந்து நின்று நூறு பேர் இருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்துவிட்டார். தேவையில்லை, தீர்ப்பு அகீபாவின் பக்கம் என்று ரவீனா அவரை நிறுத்த வேண்டியிருந்தது. இதே வீட்டு விருந்தைப் பற்றி ரவா என்ற பெரிய அறிஞர் சொன்ன இன்னொரு செய்தியும் இருக்கிறது. அங்கே போனால் நாங்கள் மூன்று மூன்று பேராக மெதுவாக ஓதிக்கொள்வோம் என்கிறார். தலைவருக்காக நடக்கும் பெரிய அழைப்பு கூட்டத்தின் சத்தத்தில் காதில் விழாதாம். சரி, பத்துப் பேராகச் சேரலாமே என்றால், அது தலைவருக்குக் கேட்டு அவர் கோபிப்பாராம். பெரிய மனிதர் வீட்டு விருந்துகள் எந்த நூற்றாண்டிலும் ஒரே மாதிரித்தான் போலும்.

அதிகாரமும் இந்த அழைப்பும் மோதிக்கொண்ட பழைய கதை ஒன்றும் தல்மூதில் வருகிறது. மன்னர் யன்னாய், கி.மு. 103 முதல் 76 வரை யூதேயாவை ஆண்டவர். தன்னை எதிர்த்த 800 பேரைச் சிலுவையில் அறைந்தார் என்று வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் எழுதியிருக்கிறார். தல்மூத் கதையில் இவர் அறிஞர்களைக் கொன்று தீர்த்துவிடுகிறார். பிறகு ஒருநாள் அரசியோடு ரொட்டி சாப்பிட்டு முடித்தபோது, தங்களுக்காக துஆ ஓத ஓர் ஆள் இல்லை. எல்லாம் இருக்கிறது, அது மட்டும் இல்லை. அவரை ஒன்றும் செய்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, அரசி தான் ஒளித்து வைத்திருந்த சகோதரர் ஷிமோன் பென் ஷெதாஹை வெளியே கொண்டுவருகிறாள். மன்னர் அவரைத் தங்கள் இருவருக்கும் நடுவில் அமர்த்தி, பார், உனக்கு எவ்வளவு கௌரவம் தருகிறேன் என்கிறார். கௌரவம் தந்தது நீயல்ல, வேதம் என்கிறார் ஷிமோன். அடுத்து அவர் கேட்டதுதான் முக்கியம்: நான் ஒன்றும் சாப்பிடவில்லையே, எப்படி ஓதுவது? யன்னாயும் அவன் கூட்டாளிகளும் சாப்பிட்ட உணவுக்காக என்றா? ஒரு கிண்ணம் திராட்சைரசம் கொடுத்தார்கள். அதைக் குடித்தார், இரண்டாவது கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு ஓதினார். (அவர்கள் சட்டத்தில் இந்தக் கிண்ணத்துக்கு இடம் உண்டு, நமக்கு அது ஹராம்.) சம்பவம் நடந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டது, அப்படியே நடந்ததென்று யாரும் பந்தயம் கட்ட முடியாது. ஆனால் ஒன்றை இந்தக் கதை தெளிவாகச் சொல்கிறது: சாப்பாட்டில் பங்கெடுக்காதவன் மற்றவர்கள் சார்பில் நன்றி சொல்வது அந்தச் சமூகத்துக்கு நெருடலாகப் பட்டிருக்கிறது. பின்னாளில் ரப்பி யோஹனான் சட்டத்தை இன்னும் இறுக்கினார். ஷிமோன் செய்தது அவரோடு போகட்டும். ஓதுபவர் ஒரு ஸைத்தூன் காய் அளவாவது ரொட்டி சாப்பிட்டிருக்க வேண்டும் என்றார்.

சரி, மூவரும் சமமான அந்தஸ்துள்ளவர்களாக இருந்தால் யார் அழைப்பது? மூன்று அறிஞர்களுக்கு இந்தச் சிக்கல் வந்தது. ஒருவரைவிட ஒருவர் பெரியவர் இல்லை. உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். பெரியவர் ஒருவர் இருக்கும்போதுதான் ஸிம்மூன், எல்லாரும் சமம் என்றால் பிரிந்து ஓதுவதே நல்லது என்று முடிவெடுத்து, தனித்தனியே ஓதிவிட்டு, மரேமர் என்ற ஆசிரியரிடம் போனார்கள். துஆவின் கடமை முடிந்தது, ஸிம்மூனின் கடமை முடியவில்லை என்றார் அவர். திரும்பிப் போய் இப்போது அழைக்கலாமா என்றால் அதுவும் ஆகாது, ஸிம்மூன் பின்னோக்கிப் போகாது. மூன்று ஆலிம்கள் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்தே ஜமாஅத்தைத் தவறவிட்ட மாதிரி!

இதற்கு நேர் எதிராக ரவ் பாப்பா. மூவரில் இருவர் சாப்பிட்டு முடித்தால், மற்ற ஒருவர் தன் சாப்பாட்டை நிறுத்தி அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒருவருக்காக இருவர் நிறுத்த வேண்டியதில்லை. சட்டம் அவ்வளவுதான். ஆனால் ரவ் பாப்பாவும் இன்னொருவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் முடித்துவிட்டுக் காத்திருந்தவர் பாப்பாவின் மகன். இருவரும் கையை நிறுத்தினார்கள். கடமைக்கு மேலே போய்ச் செய்தார் என்று தல்மூத் குறித்து வைத்திருக்கிறது. மகனுக்காகச் சாப்பாட்டை நிறுத்தும் வாப்பாமார் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோம், அதிகம் கிடைக்கவில்லை.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். மிஷ்னா முதலில் சேர்த்துக்கொள்பவர்களில் ஒருவர் பரிமாறுபவர். அவர் உட்காரவே இல்லை, அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருக்கிறார், இடையில் ஸைத்தூன் காய் அளவு ஏதோ வாயில் போட்டிருக்கிறார். போதும், அவரும் மூவரில் ஒருவர். இதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்று தல்மூதே கேட்டு, சொல்லத்தான் வேண்டும் என்கிறது. நிலையாக அமராதவர் கணக்கில் வரமாட்டார் என்று யாராவது நினைத்துவிடலாம் அல்லவா? ஸமாரியரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். யூதர்களோடு தீராத மார்க்கப் பிணக்குள்ள அயல் சமூகம், தவ்ராத்தை ஏற்பவர்கள். மிஷ்னா காலத்தில் மேசையில் சேர்த்து எண்ணப்பட்ட அவர்கள், சில தலைமுறைகளில் முழு அந்நியராகத் தீர்ப்பளிக்கப்பட்டு வெளியே போனார்கள். ஒரு கதவு எப்படித் திறந்திருந்து மூடியது என்பதை ஒரே அத்தியாயத்தை வைத்துக்கொண்டு பார்க்க முடிகிறது.

சிறுவர்கள்? மிஷ்னா இல்லை என்கிறது. ஆனால் யாரைப் புகழ்கிறோம் என்று அறிந்த சிறுவனைச் சேர்க்கலாம் என்றார் ரவ் நஹ்மான். இதற்குத் தல்மூத் தரும் உதாரணம் வகுப்பறையில் நிற்கும் நமக்கு மிகவும் பிடித்தது. அபாயேயும் ரவாவும் சின்னப் பிள்ளைகள். ஆசிரியர் ரப்பா முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் யாரைப் புகழ்கிறோம் என்று அவர் கேட்க, இறைவனை என்கிறார்கள். இறைவன் எங்கே? ரவா கூரையைக் காட்டினான். அபாயே எழுந்து வெளியே போய் வானத்தைக் காட்டினான். இருவரும் அறிஞர்களாவீர்கள் என்றார் ரப்பா. எந்த விடை சரி என்று சொல்லவே இல்லை, இருவருக்கும் புள்ளி. சுரைக்காய் காம்பிலேயே தெரியும் என்ற பொருளில் அரமேய மொழிப் பழமொழி ஒன்றை அந்த இடத்தில் சேர்த்திருக்கிறார்கள். நாம் விளையும் பயிர் முளையிலே என்கிறோம். அந்த இரண்டு பிள்ளைகளும் வளர்ந்து தல்மூதின் இரண்டு பெரும் பெயர்களானார்கள். தல்மூதின் பக்கங்களில் பாதி அவர்களுடைய வாக்குவாதம் என்று சொன்னாலும் தப்பில்லை என்று தோன்றும்.

எண்ணிக்கையை நிரப்பும் அவசரத்தில் விசித்திரங்களும் நடந்தன. ஒன்பது பேர் இருக்கிறார்கள், வேதச்சுருள் வைக்கும் பேழையையும் சேர்த்துப் பத்தாக்கலாமா என்று ஒரு கருத்து. பேழை என்ன மனிதனா என்று ரவ் நஹ்மான் திருப்பிக் கேட்டார். ரப்பி எலியேஸர் தொழப் போன இடத்தில் பத்துப் பேர் இல்லாதபோது தன் அடிமையை விடுதலை செய்து பத்தாவது ஆளாக்கினார். அடிமையை விடுவிப்பதில் அவர்கள் சட்டத்தில் தடை இருந்தது, ஆனாலும் கூட்டுக் கடமைக்காகச் செய்தது செல்லும் என்றார்கள். அந்த மனிதருடைய விடுதலை ஒரு வெற்றிடத்தை நிரப்பும் தேவையில் வந்தது. பெயர் கூட எழுதப்படவில்லை.

மிகவும் கசப்பான விவாதம் படிக்காதவர்களைப் பற்றியது. அம் ஹாஅரெஸ் என்று அவர்களுக்குப் பெயர், 'நிலத்து மக்கள்' என்று நேர்ப் பொருள். அவர்களோடு ஸிம்மூன் இல்லை என்று ஒரு விதி இருந்தது. யார் அந்த அம் ஹாஅரெஸ் என்பதில்தான் ஆளுக்கொரு விளக்கம். காலை மாலை ஷெமா ஓதாதவன் என்றார் ஒருவர். வாசலில் மெஸூஸா இல்லாதவன் என்றார் இன்னொருவர். பிள்ளைகளுக்கு வேதம் படிப்பிக்காதவன் என்றார் வேறொருவர். கடைசியாக வந்த விளக்கம்தான் கூர்மையானது: எவ்வளவு படித்திருந்தாலும், அறிஞர்களின் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்து பழகாதவன் அம் ஹாஅரெஸ்தான். படிப்பு போதாது, நம் வட்டத்தில் இருந்தாயா என்ற கேள்வி. ராமி பர் ஹமா என்ற அறிஞர் இந்த அளவுகோலை ரவ் மெனஷ்யா என்பவருக்குப் போட்டார். மெனஷ்யா சட்ட நூல்களை ஓதிப் படித்தவர். ஆனாலும் ராமி அவரை மூவரில் ஒருவராகச் சேர்க்கவில்லை. பிறகு ராமி காலமானார். மெனஷ்யாவோடு ஸிம்மூன் செய்யாததால்தான் ராமி இறந்தார் என்று ரவா சொன்னார். மெனஷ்யா உண்மையில் அறிஞர்களுக்குப் பணிவிடை செய்தவர்தான், ராமி சரியாக விசாரிக்கவில்லை என்பது தல்மூதின் விளக்கம். ஒரு மனிதனை மேசையில் எண்ணாமல் விட்டதற்கு இவ்வளவு கடுமையான வார்த்தை அந்த அத்தியாயத்தில் வேறு எங்கும் இல்லை.

அதற்கும் பல நூற்றாண்டுகள் கழித்து, 12, 13ஆம் நூற்றாண்டுகளில் வட பிரான்ஸிலும் ஜேர்மனியிலும் வாழ்ந்த உரைகாரர்கள், தோஸாஃபோத் எனப்படுபவர்கள், அந்த விதியைக் கையில் எடுத்தார்கள். இப்போது நாம் இப்படிப் பார்ப்பதில்லை என்று எழுதினார்கள். அவர்கள் சொன்ன காரணம் வேறொரு தல்மூத் பக்கத்திலிருந்து வந்தது: இப்படித் தள்ளிக்கொண்டே போனால் ஒவ்வொருவனும் போய்த் தனக்கென்று ஒரு பலிபீடம் கட்டிக்கொள்வான். 1565இல் வெனிஸில் அச்சான ஷுல்ஹான் அரூஹ், இன்றும் யூதர் பின்பற்றும் சட்டத் தொகுப்பு, படிக்காதவரோடும் ஸிம்மூன் செய்யலாம் என்று எழுதிவிட்டது. அந்த நூலின் பெயருக்கே 'விரித்து வைத்த மேசை' என்றுதான் அர்த்தம்.

ஆளுக்கொரு பலிபீடம். ஊரில் ஒரு பள்ளி இரண்டு பள்ளியான கதையும், ஒரு தெருவில் இரண்டு பெருநாள் வந்த கதையும் அறிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. தோஸாஃபோத் விதி தவறு என்று சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். விதியைக் கடைப்பிடித்தால் சமூகத்துக்கு என்ன ஆகும் என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். சிலுவைப் போர்க்காரர்களின் கையில் ரைன் நதிக்கரைச் சமூகங்கள் 1096இல் அழிந்ததைக் கண்ட தலைமுறைகளின் வாரிசுகள் அவர்கள். எஞ்சியிருப்பவர்களில் இன்னும் ஒருவரைக் கழிப்பது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்றே நமக்குப் படுகிறது.

விருந்தாளி பற்றிய விதி ஒன்றைச் சொல்லாமல் போனால் மனம் கேட்காது. வீட்டுக்காரர் ரொட்டியைப் பிட்டு ஆரம்பிக்க வேண்டும், விருந்தாளி துஆவை ஓதி முடிக்க வேண்டும். வீட்டுக்காரர் பிட்டால் தாராளமாகப் பிட்பார், விருந்தாளி ஓதினால் வீட்டுக்காரருக்காக இறைஞ்சுவார். உணவளித்தவருக்கு துஆ செய்யும் ஸுன்னத் நம்மிடமும் உண்டு.

பெண்களுக்கு மிஷ்னா இடம் தரவில்லை. பெண்கள் தங்களுக்குள் மூவராகச் சேர்ந்து அழைத்துக்கொள்ளலாம் என்று தல்மூத் சொல்கிறது. அது கடமையா விருப்பமா என்பதில் பின்னால் வந்தவர்கள் பிரிந்தார்கள்: 1327இல் தொலேதோவில் காலமான ரப்பி அஷேர் கடமை என்றார், தோஸாஃபோத் விருப்பம் என்றார்கள், ஷுல்ஹான் அரூஹும் விருப்பத்தின் பக்கமே போனது. ஆனால் அத்தியாயத்தின் முடிவுக்குச் சற்று முன்னால் வருவது ஒரு பெண்ணின் கோபம்.

பாபிலோனில் ரவ் நஹ்மான் வீட்டுக்கு உல்லா என்ற அறிஞர் விருந்தாளியாக வந்தார். சாப்பிட்டார், விருந்தாளிக்குரிய முறைப்படி அவரே துஆவை ஓதினார், துஆவின் கிண்ணத்தை ரவ் நஹ்மானிடம் கொடுத்தார். உள்ளே இருக்கும் என் மனைவி யல்தாவுக்கும் அனுப்புங்கள் என்றார் நஹ்மான். உல்லா மறுத்தார்; கணவன் பெறும் பரகத்தில்தான் மனைவியின் பரகத்தும் அடங்கும், தனியாக எதற்கு என்று ரப்பி யோஹனானின் பெயரில் ஒரு விளக்கமும் சொன்னார். அது யல்தாவின் காதில் விழுந்தது. எழுந்து நேரே களஞ்சிய அறைக்குப் போய் 400 சாடி திராட்சைரசத்தை உடைத்தாள். தன் வீட்டுச் சாப்பாட்டை உண்டவரிடம் அவளுடைய பதில் அது. நஹ்மான் பதறி, இன்னொரு கிண்ணமாவது அனுப்புங்கள் என்றார். உல்லா அனுப்பினார், எல்லாம் அதே பரகத்தின் ரசம்தான் என்ற சேதியோடு. ஊர் சுற்றுபவர்களிடமிருந்து கதைகளும் கந்தலிலிருந்து பேன்களும்தான் வரும் என்ற கருத்தில் யல்தா பதில் அனுப்பினாள். உல்லா பலஸ்தீனுக்கும் பாபிலோனுக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்தவர், சொல் போய்ச் சரியாகத்தான் தைத்திருக்கும்.

இந்தக் கதைக்குச் சற்று முன்னே, கிண்ணத்தைப் பற்றிய விதிகள் பத்து என்று தல்மூத் வரிசைப்படுத்துகிறது. கழுவ வேண்டும், நிரப்ப வேண்டும், இரு கையாலும் ஏந்த வேண்டும் என்று போய்க் கடைசியில் வருவது, வீட்டாருக்கு, அதாவது மனைவிக்கு, அனுப்ப வேண்டும் என்பது. ரவ் நஹ்மான் கேட்டது சலுகை அல்ல, அந்த விதியைத்தான். ஷுல்ஹான் அரூஹிலும் அது இருக்கிறது. உல்லாவின் மறுப்பு அதில் இல்லை.